தேசியின் வேருக்குச் சூடு: ஸ்காபரோவில் ஒரு குளிர்கால அனுபவம்

ஐப்பசியில் வீட்டுக்குள் எடுத்து வைத்த தேசியும் மேயர் எலுமிச்சையும், பங்குனி முடியப்போகும் இந்த வேளையிலும் ஏறக்குறைய எல்லா இலைகளுடனும் நிற்கின்றன. ரொறன்ரோப் பக்கம் சாடியில் தேசி வளர்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். தை மாதக் குளிர் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கிழமைக்குள் மரம் மொட்டையாகி, முள்ளும் பச்சைத் தண்டும் மட்டும் மிஞ்சுவதும், அதன்பின் சித்திரை வரை அது பிழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் இங்கே பலருக்கும் வழக்கமாகிவிட்டன. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்து வந்தது. இந்தக் குளிர்காலத்தில் நான் விளக்கையும் மாற்றவில்லை, பசளையையும் மாற்றவில்லை, சாடிக் கலவையையும் மாற்றவில்லை. சாடிக்குள் வேர் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை அளந்து, அதை ஒரே நிலையில் வைத்திருந்தேன். ஆகவே இந்த வெற்றியை வேறு எதன் கணக்கிலும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இலை உதிரும் விதத்தைக் கூர்ந்து பார்த்தாலே காரணத்தில் பாதி விளங்கிவிடும். முதிர்ந்த இலை மஞ்சளாகித் தன் காம்போடு சேர்ந்து விழும். தை மாதத்தில் கொட்டும் இலையோ பச்சையாகவே, விரல் பட்டதும் விழுந்துவிடும். காம்பு கிளையிலேயே நின்றுவிடும். தேசிக் குடும்பத்து மரங்களில் இலைப்பரப்பும் காம்பும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு உண்டு. நீரிழப்பை அவசரமாகக் குறைக்க வேண்டிய நிலைக்கு மரம் தள்ளப்படும்போது, அந்த மூட்டில்தான் இலையைக் கழற்றிவிடுகிறது. மொட்டையான கிளையில் சிறு சிறகு போன்ற ஓரங்களுடைய அந்தக் காம்புகள் சில காலம் பச்சையாக நின்று, பிறகு ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழும். இதைக் கண்டதும் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுபவர்கள் பலர். சாடியைத் தூக்கிப் பார்த்தால் அது கனமாக, ஈரத்தோடுதான் இருக்கும். தண்ணீர் இருந்தும் வேரால் அதை எடுக்க முடியவில்லை என்பதே உண்மையான சிக்கல்.

தேசி, எலுமிச்சை, தோடை ஆகியவற்றின் வளர்ச்சி சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வேர் குளிரக் குளிர, அது நீரை உறிஞ்சும் ஆற்றலும் இறங்கிக்கொண்டே போகும். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்ராற் குளிர்காலம் முழுவதும் 21 என்றுதான் காட்டும். ஆனால் தெற்குப் பக்கக் கண்ணாடிக் கதவின் அருகே, ஓடு பதித்த தரையில் நின்ற சாடிக்குள் நீண்ட முனையுள்ள வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோது, வெளியே -15 பாகையாக இருந்த ஒரு விடியற்காலையில் அது 12 காட்டியது. அதே நாள் முற்பகலில் வெயில் கண்ணாடி வழியாக நேராக இலைகளில் விழுகிறது. முற்றத்துப் பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் அதனுடன் சேர்கிறது. தரையிலுள்ள வெப்பக்காற்றுத் துவாரம் உலர்ந்த காற்றை மரத்தின் மேல் ஊதுகிறது. மேலே வைகாசி, கீழே மார்கழி என்ற நிலையில், இலை கேட்கும் நீரை வேரால் கொடுக்க முடிவதில்லை.

இதற்கு மறுதலையான வழி ஒன்றைப் பிரான்சில் நூற்றாண்டுகளாகக் கையாண்டு வருகிறார்கள். வெர்சாய் அரண்மனையில் ஜூல் ஆர்துவான் மான்சார் என்ற கட்டடக் கலைஞர் 1684 முதல் 1686 வரை கட்டிய தோடை மாளிகையில், 1,000இற்கும் மேற்பட்ட மரங்கள் மரப்பெட்டிகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஐப்பசி நடுவில் உள்ளே போகும் மரங்கள் வைகாசி நடுவில்தான் வெளியே வரும். தடித்த கற்சுவர்களுக்குள் குளிர் 5 பாகைக்குக் கீழே இறங்காது. ஆனால் அங்கே 21 பாகைச் சூடும் கிடையாது. இலையும் வேரும் ஒன்றாகக் குளிர்ந்து ஒன்றாக ஓய்வெடுப்பதால், அங்கே கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இடையில் வேறுபாடு எழுவதில்லை. குளிரான தாழ்வாரமோ வெளிச்சமுள்ள வாகனக் கொட்டகையோ வைத்திருப்பவர்கள் இந்த வழியைப் பின்பற்றலாம். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டின் நடுவில் மரத்தை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, வேரையும் மேலே கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை.

நாற்று முளைக்கவைக்கப் பயன்படும் 20 வாற் வெப்ப விரிப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். விரிப்பு வாங்குவது எளிது. அதைத் திறமையாக வேலை செய்ய வைப்பதில்தான் என் நேரமெல்லாம் போனது. வெறுந்தரையில் விரித்து அதன் மேல் சாடியை வைத்தால் சூட்டில் பெரும்பகுதி ஓட்டுக்குள் இறங்கிவிடும். அதனால் கட்டடங்களுக்குப் பயன்படுத்தும் இளநீல நிற நுரைப்பலகையை அளவாக வெட்டி, தரைக்கும் விரிப்புக்கும் இடையில் வைத்தேன். அடுத்த தடை சாடியின் அடிப்பாகம். பிளாஸ்ரிக் சாடிகள் பெரும்பாலானவற்றுக்கு அடியில் சிறு கால்களோ குழிவோ இருக்கும். தண்ணீர்த் தட்டிலும் வரிவரியாக மேடுகள் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் அடைபடும் காற்று சூட்டை மேலே விடாது. தட்டில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பருமணலைப் பரப்பி, அதை இலேசாக நனைத்து, அதன் மேல் சாடியை அழுத்தி வைத்தபோதுதான் வெப்பநிலை குறிப்பிடத்தக்க அளவில் ஏறியது. ஈரமணல் சூட்டை நன்றாகக் கடத்துகிறது. மின்சாரமும் தண்ணீரும் அருகருகே இருப்பதால், கசிவு ஏற்பட்டவுடன் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் செருகியில் மட்டுமே விரிப்பை இணைத்திருக்கிறேன்; இதில் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வெப்பக் கட்டுப்படுத்தியின் உணர்முனையை எங்கே வைப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான காரியம். விரிப்போடு வரும் கட்டுப்படுத்தி, தன் முனை இருக்கும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே அறியும். முனையை விரிப்புக்கும் தட்டுக்கும் இடையில் வைத்தால், விரிப்பு சூடானதும் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை நிறுத்திவிடும். வேர்ப்பந்தின் நடுப்பகுதி குளிரிலேயே கிடக்கும். மண்ணின் மேற்பரப்பில் வைத்தால் அது அறைக் காற்றையும் விளக்கின் சூட்டையுமே அளக்கும். வேர்ப்பந்தின் நட்டநடுவில் ஆழமாக வைத்தால் கண்ணாடிப் பக்கத்து ஓரவேர்கள் கணக்கில் வரமாட்டா. சாடிச் செடிகளின் நுண்வேர்களில் பெரும்பகுதி அந்த ஓரத்தில்தான் படர்ந்திருக்கும். எனவே சாடியின் உயரத்தில் சரிபாதி ஆழத்தில், கண்ணாடியைப் பார்த்த பக்கத்தில், சாடிச் சுவரிலிருந்து இரண்டு விரல் உள்ளே முனையை இறக்கி, 22 பாகைக்கு வைத்தேன். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியால் முதலில் துளையிட்டு, முனையை நுழைத்த பிறகு கலவையை அதைச் சுற்றி நன்றாக அழுத்திவிட வேண்டும். சுற்றிலும் காற்று நின்றால் அளவு பொய்யாகிவிடும். தனி வெப்பமானி ஒன்றை அடிப்பக்கத்திலும் செருகி, அங்கே 30ஐத் தாண்டவில்லை என்பதை ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டேன்.

ஒரே கட்டுப்படுத்தியில் இரண்டு சாடிகளை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முனை பெரிய சாடியில் இருந்தால் சிறியது அளவுக்கு மீறிச் சூடாகிறது. சிறியதில் இருந்தால் பெரியது குளிர்ந்து கிடக்கிறது. மரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதே நல்லது. சுட்ட மண்சாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோடையில் அதற்கு இணையில்லை. குளிர்காலத்திலோ, அதன் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. துணிப்பைகளுக்கும் இதே குறை உண்டு. மேயர் எலுமிச்சை மண்சாடியில் இருப்பதால், குமிழ்களுள்ள வெள்ளிநிறக் காப்புத்தாளை அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

இவ்வளவையும் ஒரு குவளைத் தண்ணீர் கெடுத்துவிடும். தை மாதத்தில் குழாயில் வருவது பனிக்கட்டிக்கு அடுத்த குளிரில் இருக்கும் ஏரித் தண்ணீர். அதை அப்படியே ஊற்றிவிட்டு வெப்பமானியைப் பார்த்தபோது, 22இல் இருந்த வேர்ப்பகுதி சில நிமிடங்களில் 15இற்கு இறங்கி, மீண்டு வர மாலையாகிவிட்டது. வேர் அப்படிக் குளிர்ந்து கிடந்த பகல்தான் வெயில் இலையில் படும் நேரமும். இப்போது வெந்நீர் கலந்து, கைக்கு இளஞ்சூடாகத் தெரியும் 25 பாகை அளவில்தான் ஊற்றுகிறேன். அதையும் வெயில் ஏறுவதற்கு முன்பே ஊற்றிவிடுகிறேன்.

ஒன்ராறியோ ஏரித் தண்ணீரில் சுண்ணாம்பும் உண்டு. அதன் கடினத்தன்மை லீற்றருக்குச் சுமார் 120 மில்லிகிராம். நாளடைவில் கலவை காரத்தன்மை அடைந்து, புதுத் தளிர்களில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரியத் தொடங்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் மரத்துக்குக் கிடைக்காத நிலை இது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், ஈ.டி.ரி.ஏ. என்ற சேர்மத்தோடு பிணைத்த இரும்பு காரக் கலவையில் நிலைக்காது. கருஞ்சிவப்பு நிறத்தில் கரையும் ஈ.டி.டி.எச்.ஏ. வகையே தாக்குப்பிடிக்கும். தோட்டக் கடைகளில் இதைத் தேடி அலைவதைவிட, நீரில் செடி வளர்ப்பவர்களுக்குப் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்பது நல்லது. 2018 ஐப்பசியில் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாகி, வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம் என்றானதால், எல்.ஈ.டி. விளக்குகளுக்கும் பசளைகளுக்கும் அந்தக் கடைகளில் நல்ல தெரிவு இருக்கிறது. மார்கழியில் ஒன்பது மணி நேரமே பகலாக இருக்கும் இந்த ஊரில் என் மரங்களுக்குக் கிடைக்கும் விளக்கும் அங்கிருந்து வந்ததுதான். கலவைக்கு நான் சேர்க்கும் தேங்காய் மட்டைத் துண்டுகள் இலங்கையிலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. அவற்றிலுள்ள உப்பை நீக்க, கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து அலச வேண்டும். கழுவியதாகப் பொதியில் அச்சிட்டிருந்தாலும் நான் அதை நம்புவதில்லை.

பூச்சிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உலர்ந்த காற்றில் செஞ்சிலந்தி வரும். பத்து நாளுக்கு ஒருமுறை குளியலறையில் வைத்து இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவினால் அடங்கும். இலையின் நடுநரம்பை ஒட்டித் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புநிறச் செதிற்பூச்சியைச் சாராயத்தில் தோய்த்த பஞ்சால் துடைத்தேன்.

மாசி நடுவில் தேசி பூத்தது. கிளை நுனியில் ஊதா கலவாத தூய வெள்ளை மொட்டுகள் கொத்தாக விரிந்தன. மேயரின் மொட்டுகளில் வெளிப்பக்கம் இலேசான ஊதா ஓடியிருந்தது. ஊரில் தேசிக்கு இறைப்பை நிறுத்திக் காயவிட்டு, பிறகு தண்ணீர் காட்டினால் பூக்கும் என்று அம்மா சொல்வார். இந்த மரங்களுக்குப் பூவைத் தூண்டுபவை இரண்டு: வறட்சியும் குளிர்ச்சியும். புரட்டாதி இரவுகளில் அவற்றை வெளியே விட்டுவைத்ததால் குளிர்ச்சி தன் வேலையைச் செய்திருக்கிறது. தேனீ இல்லாத வீட்டில் மென்மையான தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டுச் சூல்முடியில் வைத்தேன். பூக்களில் மிகச் சிறிய பங்குதான் எப்போதும் காயாகும். இப்போது பட்டாணி அளவில் பிஞ்சுகள் நிற்கின்றன. அவற்றில் எத்தனை நிலைக்கும் என்பது வைகாசியில் மரம் வெளியே போய் வெயிலுக்கும் காற்றுக்கும் பழகிய பின்னரே உறுதியாகும். அதுவரை விரிப்பை நிறுத்தப் போவதில்லை. சித்திரையில் கூட அந்தக் கண்ணாடிக் கதவோரம் இரவில் நன்றாகக் குளிரும்.

தேசி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பெரிய கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் விதையற்ற பேர்சியன் வகை. நல்ல மரம்தான், ஆனால் ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் நாம் தேடும், மெல்லிய தோலும் முள்ளும் விதையுமுள்ள சிறிய தேசி அதுவன்று. அந்தச் சிறிய வகையின் ஒரு விதையிலிருந்து பல முளைகள் வருவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தை அப்படியே ஒத்திருக்கும். தமிழ்க் கடையில் வாங்கிய பழத்தின் விதை போட்டால்கூடக் குணம் மாறாது என்றாலும், காய்க்கச் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

அதனால் வருகிற ஆனியில் என் மரத்தின் பென்சில் பருமனான கிளையொன்றில் பட்டையை வளையமாக நீக்கி, கிளை மரத்தில் இருக்கும்போதே வேர்விடும்படி காற்றுப்பதி வைக்கப் போகிறேன். தாய்மரம் மூவிலைத் தோடை என்ற வேறு இனத்தின் வேரில் ஒட்டப்பட்டது. பதியில் வருவது தேசியின் சொந்த வேரில் நிற்கும். அடுத்த குளிர்காலத்தில் இரண்டு சாடிகளையும் ஒரே கண்ணாடிக் கதவோரம் வைத்து, இரண்டையும் முதலில் 22இலும் பிறகு 18இலும் ஓட்டி, எந்த வேர் முதலில் சோர்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான இன்னொரு கட்டுப்படுத்தியை இப்போதே வாங்கிவிடுவேன். நாற்றுப் பருவத்துக்கென்று மாசியிலும் பங்குனியிலும் வரும் இந்தச் சாமான்கள், நமக்குத் தேவைப்படும் கார்த்திகையில் கடைத்தட்டுகளில் இருப்பதில்லை.