எர்த் வயரில் ஒளிந்திருந்த 0.3 வோல்ட்: கேம்பர் வேனின் ஆக்சிலரேட்டர் கோளாறு

சித்திரை வெயிலில் தொடங்கி, விட்டுவிட்டு எரிந்து என் உயிரை வாங்கிய செக் இன்ஜின் விளக்கு ஒருவழியாக அணைந்துவிட்டது. பெடலை மாற்றவில்லை, இ.சி.யு.வை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) தொடவில்லை, இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. கெட்டுப்போயிருந்தது ஒரு விரல் நீள வயரும் அதன் முனையில் இருந்த டெர்மினல் என்ற உலோக இணைப்பும்தான். அதைக் கண்டுபிடித்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன். பழைய வேனை வாங்கிப் படுக்கையும் அடுப்பும் பொருத்திக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு, குறிப்பாகக் கடலோரத்தில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு, இதே தொல்லை வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

வண்டி முன்பு பள்ளி வேனாக ஓடிய, பி.எஸ். 4 புகை விதிக்காலத்து காமன் ரெயில் டீசல்; அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும். நிற்பது திருவொற்றியூரில், உப்புக்காற்று நேராக வந்து மோதும் தெருவில். ஏ.சி. போட்டுக்கொண்டு சிறிது நேரம் ஓட்டிய பிறகு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஏதாவது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், மஞ்சள் விளக்கு எரியும். பெடலை அடிவரை மிதித்தாலும் இன்ஜின் 1,200 சுற்றுக்கு மேல் போகாது. சாவியை அணைத்துப் போட்டால் பெடல் மீண்டும் வேலை செய்யும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பின்னால் நிற்கும் டிரெய்லர்காரர் ஹாரனில் கைவைத்தபடி நம் பரம்பரையை விசாரிக்கும் அந்த அரை நிமிடத்தை, பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்கேனர் காட்டிய கோளாறுக் குறியீடு பி 2138. பெடலில் இருக்கும் இரண்டு சென்சார்களின் வோல்ட்டேஜும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அதன் பொருள். இதைப் படித்துச் சொன்ன பிறகும் எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் இருக்கின்றனவே! ஒருவர் காற்று வழியை மூடித் திறக்கும் த்ராட்டில் பாடியை ஸ்பிரே அடித்துக் கழுவச் சொன்னார். டீசல் காமன் ரெயிலில் வேகத்தைத் தீர்மானிப்பது இன்ஜெக்டர் தெளிக்கும் டீசலின் அளவு. காற்று வழியில் இருக்கும் அந்த மூடி பெரும்பாலும் இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும்) வேலைக்கும் இன்ஜின் அதிராமல் நிற்பதற்கும்தான் உதவுகிறது. இன்னொருவர் டீசல் ஃபில்டரைக் குற்றம் சொன்னார். ஃபில்டர் அடைத்து ரெயில் அழுத்தம் குறைந்திருந்தால் பி 0087 வந்திருக்கும். பிரேக் சுவிட்சின் இரண்டு தொடர்புகளும் முரண்பட்டால்கூட இ.சி.யு. பெடலை நம்ப மறுக்கும் என்பதால் அதை மட்டும் சோதித்தேன். அதற்குரிய பி 0504 வரவில்லை, சுவிட்சும் ஒழுங்காகவே இருந்தது. மிச்சமிருந்த ஒரே கருத்து, "பெடல் அசெம்ப்ளியையே மாத்திடுங்க சார், வேற வழியில்ல" என்பது. அளந்து பார்க்காமல் பொருளை மாற்றும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு.

என் வண்டியின் பெடலுக்கு ஆறு வயர்கள் வருகின்றன: ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியே 5 வோல்ட், எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்), சிக்னல். பெடலிலிருந்து காலை எடுத்த நிலையில் முதல் சிக்னல் 0.75 வோல்ட், இரண்டாவது அதில் பாதி. மிதிக்க மிதிக்க இரண்டும் அதே விகிதத்தில் ஏற வேண்டும். முதலில் பெடலின் உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். இதற்கு டிஜிட்டல் மீட்டரை விட முள் வைத்த பழைய மீட்டரே மேல். மிக மெதுவாக மிதிக்கும்போது தடத்தில் தேய்ந்த இடம் இருந்தால் முள் ஒரு துடிப்புத் துடிக்கும். டிஜிட்டல் திரையில் அந்தத் துடிப்பு எண்களுக்கு நடுவே தொலைந்துவிடும். விலை குறைந்த புளூடூத் ஸ்கேனரின் வரைபடமும் நொடிக்குச் சில முறை மட்டுமே அளப்பதால் அதையும் நம்புவதற்கில்லை. இரண்டு தடங்களிலும் முள் வழுக்கிக்கொண்டு ஏறியது. பெடல் நிரபராதி.

அடுத்தது வயரிங். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மீட்டரை பஸ்ஸரில் வைத்து, வயரின் இரு முனைகளையும் தொட்டு, பீப் கேட்டதும் "லைன் ஓகே" என்று எழுந்துவிடுகிறார்கள். பல மீட்டர்களில் 30 ஓமுக்கு மேல் இருந்தாலும் பஸ்ஸர் கத்தும். ஹெட்லைட் வயரில் 30 ஓம் இருந்தால் விளக்கே எரியாது, உடனே தெரிந்துவிடும். ஆனால் 1,500 ஓம் அளவுள்ள இரண்டாவது சென்சார் தடத்தின் எர்த்தில் அதே 30 ஓம் புகுந்தால் 0.1 வோல்ட் மட்டும் சத்தமில்லாமல் ஏறும். பள்ளத்தில் வண்டி குலுங்கி அது 100 ஓமாகும் கணத்தில் 0.3 வோல்ட்டைத் தாண்டும். அப்போது இரண்டாவது சிக்னல் 0.38-லிருந்து 0.65-க்கு மேல் தாவ, முதல் சிக்னல் 0.75-லேயே நிற்க, இரண்டில் எது உண்மை என்று தெரியாத இ.சி.யு. இரண்டையுமே ஒதுக்கிவிட்டு வண்டியை ஊர வைக்கிறது. அதன் தரப்பில் பார்த்தால் அது செய்வது சரிதான். பெடல் தவறாக 'முழு வேகம்' என்று சொல்லி, வண்டி அதைக் கேட்டுப் பாய்ந்தால் என்ன ஆகும்?

ஆகவே ஓமை அளக்கக் கூடாது. கனெக்டர் மாட்டிய நிலையில், சாவி போட்டு, மின்சாரம் ஓடும்போதே எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட்டேஜை அளக்க வேண்டும். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. இதற்கு வயரின் உறையைக் குத்தாமல், கனெக்டரின் பின்புறமாக ரப்பர் சீலுக்கும் வயருக்கும் நடுவே ஊசியை நுழைக்க வேண்டும். உறையில் குத்திய ஓட்டை நம் ஊர்க் காற்றில் அடுத்த வருடக் கோளாறுக்கு இன்றே போடும் விதை. தையல் மெஷின் ஊசி தடிமனாக இருந்து சீலைக் கிழிக்கிறது, சாதாரணக் குண்டூசி வளைகிறது. கடைசியில் ரிச்சி தெருவில் வாங்கிய மெல்லிய எஃகு முனை கொண்ட பேக் புரோப்தான் உதவியது. நுழைக்கும் முன் முனையில் சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகிறது. டெர்மினலின் வாய்க்குள் முன்பக்கமாக மீட்டர் முனையைத் திணிப்பவர்களை மட்டும் வண்டிப் பக்கமே விடாதீர்கள். வாய் விரிந்துவிட்டால் இல்லாத கோளாறு ஒன்று புதிதாகப் பிறக்கும்.

முதல் சென்சாரின் எர்த் 0.01 வோல்ட். இரண்டாவது, வண்டி அசையாமல் நிற்கும்போது 0.08. மீட்டரை உச்ச அளவைப் பிடித்துவைக்கும் நிலைக்கு மாற்றிவிட்டு, வயர்க் கட்டைப் பெடலிலிருந்து மேல்நோக்கிச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டே போனேன். கிளட்ச் பெடலுக்கு மேலே இருக்கும் இடைக் கனெக்டரை ஆட்டியதும் 0.31 பதிவாயிற்று, டேஷ்போர்டில் விளக்கும் எரிந்தது. வேனை மாற்றியமைத்த பட்டறை, வீட்டு பேட்டரியின் (வேனுக்குள் வசிப்பதற்கான தனி பேட்டரியின்) தடித்த வயரைக் கொண்டுபோவதற்காக ஏ.சி. தண்ணீர்க் குழாயின் கிளிப்பைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டிருக்கிறது. குழாயின் வாய் விலகி, சொட்டிய நீர் வயர்க் கட்டின் மேலேயே ஓடிவந்து கனெக்டருக்குள் தங்கியிருக்கிறது. திறந்தபோது அந்த ஒரு டெர்மினலில் மட்டும் மயில்துத்த நிறத்தில் பொடி பூத்திருந்தது. ஏ.சி. போட்ட பிறகே கோளாறு வந்ததன் காரணமும் அதுதான்.

டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்வதோடு வேலை முடியவில்லை. தண்ணீர் உறைக்குள் இருக்கும் செப்பு இழைகளின் இடுக்கு வழியாக ஏறிவிடும். அதனால் கறுப்பு மறைந்து செம்பு பளபளக்கும் இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன். புதிய வயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை, உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி கிரிம்ப் செய்தேன்; ஈயம் ஏறிய வயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே அறுந்துபோகும். மேலே பசை உள்ள, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை. கனெக்டருக்குள் நுழையும் முன் வயர் சற்றுத் தொங்கி மேலேறும்படி வைத்தேன். இனி எங்கிருந்து நீர் வழிந்தாலும் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இப்போது இரண்டாவது எர்த்தும் 0.01.

பழைய வண்டி உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில், வயர் வாலோடு வெட்டி எடுத்த கனெக்டர் ஜோடி கிடைத்தால் வாங்குங்கள். தனியாக டெர்மினல் தேடி அலைவதை விட அது எளிது. ஆனால் வயரைச் சற்றுச் சீவி, செம்பின் நிறம் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். காசிமேட்டில் படகுகளுக்கு வயரிங் செய்யும் அண்ணன் ஒருவர் வெள்ளீயம் பூசிய செப்பு வயரையே போடச் சொல்கிறார். விலை கூடுதல்தான், உப்புக்காற்றுக்கு அது தாங்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வீட்டு பேட்டரியை லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாற்றும்போது அந்தப் பக்கம் முழுவதையும் அதிலேயே இழுக்கலாம் என்று இருக்கிறேன். கூரையில் சோலார் பலகைக்கு ஓட்டை போடுவதா, பசையில் ஒட்டுவதா என்ற பஞ்சாயத்தும் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பலகையை இன்னும் மூடவில்லை. ஏ.சி. குழாய்க்கு இப்போது இருப்பது பிளாஸ்டிக் டை மட்டுமே. சரியான ரப்பர் வளையம் பாரிமுனையில் கிடைத்ததும் அதை மாட்டி, மணலி சாலையின் பள்ளங்களில் ஏ.சி.யோடு ஓட்டிப் பார்த்து, எர்த்தை மறுபடி அளந்த பிறகுதான் பலகையின் திருகுகளைத் தேட வேண்டும்.