அணு ஏன் தன்னுள் சுருங்கிவிடுவதில்லை?

அணு மாதிரிகளின் வரலாற்றைச் சொல்லும் பாடநூல்களில் இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சனின் மாதிரி பெரும்பாலும் இரண்டே வரிகளில் முடிந்துவிடுகிறது: நேர்மின்னூட்டக் கோளம், அதில் ஆங்காங்கே பதிந்த எலக்ட்ரான்கள், பிறகு ரூதர்ஃபோர்டு வந்து அது தவறென்று காட்டினார். இதைத் தாம்சனுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன். அவருக்கு முன் டால்ட்டன் முன்வைத்த அணு பிளக்க முடியாதது என்பதால், அது எப்படி நிலைத்திருக்கிறது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. 1897-இல் எலக்ட்ரான் கண்டறியப்பட்ட பிறகு அக்கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. 1904-இல் தாம்சன் கணக்கிட்டுத் தந்த விடைதான் அந்த மாதிரி. பரவிக் கிடக்கும் நேர்மின்னூட்டம் எலக்ட்ரான்களை மையம் நோக்கி இழுக்க, அவை ஒன்றையொன்று விலக்க, இரண்டும் சமன்படும் இடங்களில் அவை வளையங்களாக அமையும்.

அந்த விடையைக் குலைத்தது மான்செஸ்டரில் நடந்த ஒரு சோதனை. 1909-இல் கைகரும், அப்போது மாணவராக இருந்த மார்ஸ்டனும், பொன், பிளாட்டினம் போன்ற உலோகத் தகடுகளின்மேல், கதிரியக்கப் பொருள்கள் உமிழும் நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்ஃபா துகள்களைச் செலுத்தி, துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் தோன்றும் நுண்ணிய ஒளிப்பொட்டுகளை இருட்டறையில் நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஏறக்குறைய 8000 துகள்களில் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. ஆல்ஃபா துகள் எலக்ட்ரானைவிட 7000 மடங்குக்கும் மேல் நிறை கொண்டது. எலக்ட்ரானோ, மெல்லப் பரவிய மின்னூட்டமோ அதைத் திருப்பியிருக்க முடியாது. எனவே மின்னூட்டமும் பெரும்பகுதி நிறையும் மிகச் சிறிய மையத்தில், அதாவது கருவில், குவிந்துள்ளன என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவு செய்தார்.

ஆனால், தாம்சன் தீர்த்து வைத்திருந்த சிக்கல் இங்கே மீண்டும் திறந்துகொண்டது. கருவைச் சுற்றும் எலக்ட்ரான் இடைவிடாமல் முடுக்கம் பெறுவதால், மின்காந்தவியலின்படி அது ஆற்றலைக் கதிர்வீச்சாக இழந்து, ஏறக்குறைய ஒரு வினாடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கருவில் விழுந்தாக வேண்டும். நிலைப்புப் பற்றிய கேள்வியை இக்கட்டத்தில் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று ரூதர்ஃபோர்டு தம் கட்டுரையிலேயே ஒதுக்கிவைத்தார். சான்று காட்டிய இடம்வரை சென்று அங்கேயே நின்ற அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1913-இல் நீல்ஸ் போர், குறிப்பிட்ட சில சுற்றுப்பாதைகளில் எலக்ட்ரான் கதிர்வீசாது என்று விதித்தார். அந்த விதியிலிருந்து, 1885-இல் பால்மர் கண்ட ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகளின் சூத்திரம் அப்படியே கிடைத்தது. எனினும் ஏன் கதிர்வீசாது என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. இரண்டு எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்திலேயே அம்மாதிரி தடுமாறியது.

காரணம் 1926-இல் வந்த ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாட்டிலும், அடுத்த ஆண்டில் வந்த ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டிலும் கிடைத்தது. எலக்ட்ரானைச் சிறிய இடத்துக்குள் அடைக்க அடைக்க, அதன் உந்தத்தின் பரவல் விரிந்து இயக்க ஆற்றல் ஏறுகிறது. கருவின் ஈர்ப்பால் குறையும் ஆற்றலும் இவ்வாறு ஏறும் ஆற்றலும் சேர்ந்த மொத்தம், ஹைட்ரஜனில் சுமார் 0.053 நானோமீட்டர் அளவில் சிறுமத்தை அடைகிறது. அதற்குக் கீழே இறங்க எலக்ட்ரானுக்கு வழியில்லை.

இது ஓர் அணுவுக்கான விடை மட்டுமே. கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த பொருள் ஏன் சுருங்குவதில்லை என்பதற்கு இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது என்று 1925-இல் பௌலி கூறிய தவிர்க்கைத் தத்துவமும் தேவைப்படுகிறது. பொருள் சுருங்காது என்பதைக் கணிதமுறையில் டைசனும் லெனார்டும் நிறுவ 1967 வரை ஆயிற்று.