கீப்பரைத் தொடக் கூடாது

2024 பெப்ரவரி 22, வியாழன்

விடியப்புறம் 3.20. தொண்ணூற்று நான்காம் நிமிடம் கலெனோ தூரத்திலிருந்து வளைத்து அடித்தான். போர்ட்டோ 1, நாங்கள், ஆர்சனல், 0. ஆட்டம் முழுக்க கோலுக்கு நேரே ஒரு அடிகூட நம்மவர்கள் அடிக்கவில்லை. போன் கையிலிருந்து விழுந்த சத்தத்துக்கு அம்மா ஓடிவந்து, "அப்பாவுக்கு என்ன?" என்றார். போர்ட்டோ என்றேன். முறைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

பெப்ரவரி 23

அப்பாவின் வலது கை: அப்படியே.

பெப்ரவரி 25, ஞாயிறு

நியூகாசிலுக்கு 4-1. அப்பாவுக்கும் நித்திரை வரவில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்திவிட்டு, போனைச் செம்பில் சாய்த்து வைத்தேன்.

முதல் கோல் கோனரில் (மூலை உதையில்) வந்தது, அவர்களுடைய பொட்மனிலேயே பட்டு உள்ளே போனது. நாலாவதும் கோனர்தான், கிவியோர் தலையால் போட்டான். நான் துள்ளினேன். இந்த வருஷம் எங்கள் விளையாட்டே இதுதான். சாகாவோ ரைஸோ கோலை நோக்கி உள்ளே வளைத்துப் போடுவார்கள். பென் வைட் கீப்பருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்பான். பின்னாலிருந்து கப்ரியல் ஓடிவருவான். இதற்கென்றே ஜோவர் என்று ஒரு பயிற்சியாளரை வைத்திருக்கிறார்கள், கோனர் வந்தால் அந்த ஆள் எழும்பி கோட்டுக்கு வந்துவிடுவார். 'வெங்கர் மனேஜராய் இருந்த காலத்தில் பந்தைப் பாஸ் பண்ணியே கோலுக்குள் கொண்டுபோவீங்கள், இப்ப கூட்டத்துக்குள்ள தள்ளுமுள்ளு' என்பது மச்சானின் நக்கல். அவர் மன்செஸ்டர் யுனைட்டட். அவர் ஸ்டைலைப் பற்றிப் பேசலாமா?

ஆனால் அப்பா சொன்னதுதான் பெரிய விசயம். "அவன் கீப்பரை மறைக்கிறான். ஃபவுல்." மூன்று கிழமையில் அவர் வாயிலிருந்து வந்த ஆக நீளமான பேச்சு. அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன். எதற்கு, சொன்னது பென் வைட்டைப் பற்றியல்லவா.

பெப்ரவரி 27, செவ்வாய்

எவர்ட்டன் கழகத்துக்கு வெட்டிய பத்துப் புள்ளியை அப்பீலில் ஆறாக்கிவிட்டார்கள். மூன்று வருஷத்தில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டப்படக் கூடாது என்பது சட்டம், இவர்கள் 19.5 மில்லியன் கூட. கோர்ட்டும் வக்கீலுமாக நாலு புள்ளி திரும்பிவந்தது.

லான்ட்மாஸ்டருக்கு (கை உழவு மெஷின்) லீசிங் மாதக் காசு 25ஆம் திகதி கட்டியிருக்க வேண்டும். போன மாதமும் கட்டவில்லை. நான் எங்கே அப்பீல் போட?

ஞாயிறு லீக் கிண்ண இறுதியில் செல்சியும் போச்சு. ஆயிரம் மில்லியன் பவுணுக்கு மேல் கொட்டி வாங்கின அணி. 118ஆம் நிமிடம் லிவர்பூலின் வான் டைக் தலையால் முட்டினான். கோனர்! மச்சானுக்கு உடனே மெசேஜ் போட்டேன், இதுவும் தள்ளுமுள்ளா என்று.

மார்ச் 1

கையில் ரென்னிஸ் பந்து கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். விழுந்தது.

மார்ச் 5, செவ்வாய்

ஷெஃபீல்டில் போய் 6-0. இடைவேளைக்கு முன்னமே ஐந்து. அப்பா இடைவேளையோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அந்தக் கீப்பரைப் பார்க்க ஏலாதாம்.

மார்ச் 10, ஞாயிறு

வெள்ளி இரவு சிவராத்திரி முழிப்பு, சனி இரவு பிரென்ட்ஃபோர்ட் முழிப்பு. கண் எரிகிறது. வயலில் வெட்டுமெஷின் வந்து நிற்க, நான் வரம்பில் தூங்கி வழிந்தேன்.

எங்கள் கீப்பர் ராயா பிரென்ட்ஃபோர்டிலிருந்து இரவலாக வந்தவன் என்பதால் அவர்களுக்கு எதிராக இறங்க முடியாது. ஆகவே ராம்ஸ்டேல். செப்டெம்பரில் இடம் பறிபோய், மாதக்கணக்காக வாங்கிலில் இருந்த பிள்ளை. பாதி ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யோசித்தான், விஸ்ஸா ஓடிவந்து குறுக்கே காலை விட்டான், கோல். 1-1. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அப்பா இடது கையைத் தூக்கினார், நிப்பாட்டு என்பதுபோல.

அவர் அந்தக் காலத்தில் ஊர்க் கழகத்துக்குக் கோலுக்குள் நின்றவர். கிளவுஸ் கிடையாது. நெருஞ்சி முள்ளு மைதானம். இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்த பிறகும் நின்றவர். வாங்கிலில் இருந்தவன் கால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பிறகு ராம்ஸ்டேல் இரண்டு நல்ல பந்து பிடித்தான். 86இல் ஹவேர்ட்ஸ் தலையால் போட்டு வென்றோம். கடைசி விசிலுக்குப் பிறகு எல்லாரும் ராம்ஸ்டேலைக் கட்டிப்பிடித்தார்களா என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். போன் சார்ஜ் அதற்கு முன்னமே செத்துவிட்டது.

மார்ச் 13, புதன்

ராயா! போர்ட்டோவின் இரண்டு பெனால்டியைத் தடுத்தான்! சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, 14 வருஷத்துக்குப் பிறகு! சேவல் கூவத் தொடங்கிவிட்டது, நான் முற்றத்தில் தனியாக ஓடுகிறேன்.

மார்ச் 14

கை: சின்ன விரல்? அம்மா கண்டாவாம். நான் காணவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

மச்சான் ஞாயிறு இரவிலிருந்து தரையில் இல்லை. லிவர்பூலுக்கு 4-3, கடைசி நிமிடத்தில் அமாட் டியாலோ போட்டு, சட்டையைக் கழற்றி, சிவப்பு அட்டையும் வாங்கினான். ஐரோப்பாவில் குழுவில் கடைசியாக வந்ததை மச்சான் அடியோடு மறந்துவிட்டார்.

நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கும் அதே நட்டச் சட்டத்தில் நாலு புள்ளி வெட்டு. அவர்களுக்கு 61 மில்லியன்தான் வரம்பாம், இடையில் இரண்டு வருஷம் கீழ் டிவிஷனில் கிடந்தபடியால். கீழே கிடந்தவனுக்குச் சின்னக் கயிறு. மன்செஸ்டர் சிட்டி மேல் 115 காசுக் குற்றச்சாட்டு போட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது, விசாரணை இன்னும் தொடங்கவில்லை.

இன்றைக்கு லீசிங்காரர் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். படலைக்கு வெளியே நின்று லான்ட்மாஸ்டரைப் போட்டோ எடுத்தார்கள். நெல் காய்கிறது, விற்றுக் கட்டுகிறேன் என்றேன். "அதைத்தான் எல்லாரும் சொல்லுறாங்கள் தம்பி." அப்பாவுக்குக் கேட்டிருக்கும். யன்னல் திறந்துதான் கிடந்தது.

ஏப்ரல் 1, திங்கள்

சிட்டியோடு 0-0. மச்சான்: "நித்திரைக் குளிசை." அப்பா கண் மூடவில்லை. 0-0இன் அருமை கீப்பருக்குத்தான் விளங்கும்.

ஏப்ரல் 9

எவர்ட்டனுக்கு மறுபடி இரண்டு புள்ளி வெட்டு. கொடுத்த கையாலேயே பிடுங்கினார்கள்.

ஒரு மாதக் காசு கட்டினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

காலையில் வருஷப்பிறப்புக் கைவிசேடத்தில் குழப்பம். அப்பா வலது கையால்தான் தருவேன் என்று அடம். அம்மா வெற்றிலையையும் காசையும் அந்தக் கையில் வைத்து, கீழே தன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். நான் வாங்கினேன். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இரவு 8.40. லிவர்பூல் தோற்றுவிட்டது! சொந்த மைதானம் அன்ஃபீல்டில், கிறிஸ்டல் பலஸிடம், 1-0. சிட்டி நேற்று லூட்டனுக்கு ஐந்து போட்டு 73. நாங்கள் 71. இன்றைக்கு வென்றால் 74, முதலிடம். மச்சான் பயறம் பணியாரத்தோடு வந்து வாங்கிலில் இருக்கிறார், எங்களோடு ஆடப்போகிற வில்லாவுக்குச் சப்போர்ட்டாம்.

அப்பாவுக்குத் தலையணை வைத்தாயிற்று. போன் செம்பில். 9 மணிக்கு