தென்னந்தோப்புக்கு ஒரு லிங்க் பட்ஜெட்

சோழவந்தான் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. அங்கே போனில் படம் தடங்கலில்லாமல் ஓடும். வீடியோ கால் போட்டால் மட்டும் நம் முகம் எதிர்ப்பக்கத்தில் அப்படியே நின்றுவிடும். "ரெண்டு பாயிண்ட் காட்டுதே மாப்ள, பின்ன ஏன் நம்ம பேசுறது அங்க கேக்க மாட்டேங்குது?" என்றார் மாமா. நல்ல கேள்வி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

லிங்க் பட்ஜெட் என்பது டவருக்கும் போனுக்கும் இடையே போகும் சிக்னலின் வரவு செலவுக் கணக்குதான். அனுப்பும் பவரும் ஆன்டெனாவும் வரவு. தூரம், கேபிள், சுவர், மரம், போனைப் பிடித்திருக்கும் கை எல்லாம் செலவு. எல்லாமே டெசிபெல் (10 கூடினால் பவர் 10 மடங்கு என்ற அளவு) என்பதால் கூட்டல் கழித்தல் போதும். மிஞ்சுவது இரைச்சலுக்கு, அதாவது ரிசீவரில் எப்போதும் இருக்கும் தேவையற்ற சிக்னலுக்கு, மேலே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டவர் 3.2 கிமீ தள்ளி, 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி. பவர் 20 வாட், அதாவது 43 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்ஜியமாக வைத்த டெசிபெல் அளவு). ஆன்டெனா தருவது 17 டெசிபெல், கேபிள் இழப்பு 2, உயரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஒகுமுரா டோக்கியோவில் சிக்னலை அளந்தவற்றிலிருந்து ஹாட்டா 1980இல் பாதை இழப்புக்குச் சூத்திரம் தந்தார். அதை 2000 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டிய காஸ்ட் 231 என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தின் கணக்கில் திறந்தவெளித் திருத்தத்தையும் சேர்த்தால் பாதை இழப்பு 120 டெசிபெல். 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பவர் 1200 துணை அலைகளுக்குப் பிரிகிறது. ஒன்றுக்கு 12 டிபிஎம். ஆன்டெனாவைக் கூட்டி, இழப்புகளையும் கைக்கு 3ஐயும் கழித்தால் போனில் மைனஸ் 96 டிபிஎம் வர வேண்டும் (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது). வாய்க்கால் கரையில் நின்று பார்த்தேன், மைனஸ் 98! அந்த நிமிஷம் தந்த சந்தோஷத்தை மறக்க மாட்டேன்.

வீட்டுக்குள் மைனஸ் 114. தென்னையும் சுவரும் சேர்ந்து 16 டெசிபெல்லைத் தின்கின்றன. அப்படியும் போனின் இரைச்சலுக்கு 9 டெசிபெல் மேலே இருப்பதால் படம் ஓடுகிறது.

இப்போது எதிர்த் திசை. போனின் பவர் 23 டிபிஎம், வெறும் 200 மில்லிவாட். டவரைவிட 20 டெசிபெல் குறைவு. டவரின் ரிசீவரில் இரைச்சல் 6 டெசிபெல் குறைவு என்று கொண்டாலும் 14 பாக்கி, அதாவது 25 மடங்கு பலவீனம். முழு அலைவரிசையிலும் அனுப்பினால், 9இல் 14 போய், நம் சிக்னல் டவரில் இரைச்சலுக்கு 5 டெசிபெல் கீழே போய்விடும். அதே பவரை 360 கிலோஹெர்ட்ஸுக்குள் சுருக்கிக்கொண்டால் 12 டெசிபெல் மேலே வரும். ஆனால் வேகம் போய்விடும். மாமாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது: பாயிண்ட் காட்டுவது டவர் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான்.

அப்புறம் மொட்டைமாடியில் குழாய் நட்டு 11 டெசிபெல் ஆன்டெனா கட்டி, கீழே 4ஜி ரவுட்டரில் இணைத்தேன். அனுமதியில்லாத பூஸ்டர் பக்கம் போகவே கூடாது. சட்டப்படி தவறு, ஊர் முழுக்கச் சிக்னலைக் கெடுக்கும். ஆன்டெனா போடுவதில் இன்னொரு லாபம், இரண்டு திசைக்கும் சமமாக உதவும். முதலில் போட்ட மெல்லிய கேபிள் 10 மீட்டரில் 8 டெசிபெல்லை விழுங்கியது. தடித்த கேபிளுக்கு மாற்றியதும் இழப்பு 2 ஆனது. கணக்குப்படி மைனஸ் 90ஐவிட நன்றாகவே வர வேண்டும். வந்தது மைனஸ் 97. எதிரே இருக்கும் மட்டைகள்தான் காரணமாக இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலை மைனஸ் 100. ஈர ஓலை!

5ஜி தொழில்நுட்பங்களை ஐடியூ (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) மதிப்பிட்டபோது, இந்தியாவின் முயற்சியால் 700 மெகாஹெர்ட்ஸில் டவருக்கு டவர் 6 கிமீ இடைவெளி என்ற கிராமச் சூழலும் சோதனையில் சேர்ந்தது. இந்தியாவின் தொலைத்தொடர்புத் தர அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ முன்வைத்த 5ஜிஐ என்ற தரம், போனிலிருந்து டவருக்குப் போகும் அலையின் வடிவத்தைத் திருத்தி அதிக பவரில் அனுப்ப வழி செய்தது. 6 கிமீயில் பாதி 3 கிமீ. கிட்டத்தட்ட நம் தோப்பு. இதைப் படித்தபோது உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. வெறும் தூரக் கணக்கிலேயே 3500 மெகாஹெர்ட்ஸைவிட 700க்கு 14 டெசிபெல் மிச்சம்.

அடுத்த ஞாயிறு குழாயை 2 மீட்டர் உயர்த்தி, மட்டைக்கு மேலே கொண்டுபோய்ப் பார்க்கப் போகிறேன்.