வீச வேண்டியது கயிற்றை

பட்டினப்பாக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஈயக்குண்டைச் சுழற்றி எறிந்தால் அதுவே தங்கூசியை இழுத்துக்கொண்டு போய் விழும். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். பூச்சி மாதிரி இறகு கட்டிய அந்த முள்ளுக்கு எடையே கிடையாது, கயிறுதான் கனம். அதைப் பின்னால் வீசி, முழுசாக நீளும்வரை காத்திருந்து முன்னால் வீச வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

அரிசோனாவில் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா என்னை லீஸ் ஃபெர்ரிக்கு அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சிவந்த பாறை, நடுவே கொலராடோ ஆறு. ஒரு காலத்தில் சேறு கலந்து ஓடிய ஆறாம். 1963-இல் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்க ஆரம்பித்த பிறகு, ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் குளிர்ந்து தெளிந்துவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் மீன் அதில் செழித்தது. ஆற்றின் சொந்த மீனான ஹம்ப்பேக் சப்புக்கோ அந்தக் குளிரே பாதகமானது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முள் தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். கயிறு கொஞ்சம் இழுத்தாலும் டிரவுட் திரும்பிப் பார்க்காது. பிடித்தால் கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவேன், அதன் வழவழப்புப் படலம் உரியக்கூடாது. அப்புறம் ஆற்றிலேயே விட்டுவிடுவேன்.

இப்போது தினமும் மொட்டை மாடியில் கயிற்று நுனியில் கம்பளி நூல் கட்டி வீசிப் பழகுகிறேன். நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் டிரவுட்டுக்குத் தூண்டில் போட்டவர்கள் இருந்தால், அனுமதி எப்படி வாங்குவது என்று சொல்லுங்கள்.