பெறுநர் யார்?

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்வு நாள் என்பதால் காலை எட்டு மணிக்கே ஆள் வந்துவிடும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வண்டிப்பாதைத் தகராறு. பாதி மனு எனக்கு மனப்பாடம். பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் முடிந்தது.

போன திங்கட்கிழமை இலவம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முள்ளுக் கத்திரி போடுகிறவர், கொஞ்சம் மல்லாட்டையும் உண்டு. இந்தச் சித்திரை வெயிலில் கத்திரிப் பூவெல்லாம் கொட்டிவிட்டதாம். நஷ்ட ஈடு மனுதான் என்று நானாகவே தட்ட ஆரம்பித்துவிட்டேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இல்லபா. வருஷா வருஷம் வெளிநாட்டுல கூடி இந்த வெயிலப் பத்திப் பேசுறாங்களாமே. நம்ம சார்புல போறவங்கோ இன்னா பேசணும்னு எங்கிட்ட யாரு கேட்டாங்கோ? அத எழுது."

ஐ.நா. காலநிலை மாநாட்டைத்தான் சொல்கிறார். சரி என்று 'அனுப்புநர்' அடித்தேன். 'பெறுநர்' என்று அடித்ததும் விரல் நின்றுவிட்டது.

ஊர்ப் பக்கத்தில் ஒரு பெரிய ஆலை வருவதாக இருந்தால் எனக்குத் தெரியும். 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னால் பேப்பரில் விளம்பரம் வரும், கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், பேசியதன் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். அந்த விதிகளையே மாற்ற 2020இல் வரைவு போட்டபோதும் கருத்துக் கேட்டார்கள். வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் கொடு என்று டில்லி உயர் நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது, அது வேறு கதை. அந்த ஆகஸ்டில் கெடு முடிவதற்குள் நானே நாலைந்து கடிதம் அடித்துக் கொடுத்தேன்.

ஆனால் 2022 ஆகஸ்டில் நாடு ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்ததே, 2030க்குள் மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாத வழியில் இருக்கும், உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியேறும் கரியமில வாயுவை 2005ஐவிட 45 சதவீதம் குறைப்போம் என்று? அதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கெடு வைத்து ஒரு வரைவு என் கடைக்கு வரவில்லை. முதல் வாக்குறுதியை 2015 அக்டோபர் 2 அன்று அறிவித்தார்கள். கிராம சபை கூடுகிற நாள்! அன்றைக்கு நம் ஊர்களில் தெருவிளக்கும் கால்வாயும் பேசியிருப்பார்கள்.

"முதல்ல புகை விட்டவன் முதல்ல காசு குடுக்கட்டும்னு போடு" என்றார். நாடும் அதைத்தான் சொல்கிறது ஐயா என்றேன். 2024இல் பாகு நகரில் நடந்த மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2035க்குள் வருஷத்துக்கு 300 பில்லியன் டாலர் என்று முடித்தபோது போதாது என்று நம் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து சொன்னதையும் சொன்னேன். பெரியவருக்குச் சந்தோஷம். உடனே அடுத்தது:

"அந்தக் காசு வந்தா டில்லியோட நின்னுடுமா, இலவம்பாடிக்கு வருமா? அதையும் கேளு."

இந்தக் கேள்வியை என்னால் டைப்பிங் வேலையாக மட்டும் பார்க்க முடியவில்லை. 2021 நவம்பர் 13 அன்று கிளாஸ்கோ மாநாடு முடிந்தது. அதன் உடன்பாட்டில் நிலக்கரியைப் படிப்படியாக 'ஒழிப்பது' என்றிருந்ததை 'குறைப்பது' என்று கடைசி நேரத்தில் மாற்ற வைத்தது இந்தியா. அதற்கு அடுத்த வாரம் பாலாற்றில் வெள்ளம். பேர்ணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். ஒன்றுக்காக மற்றொன்று நடந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு சொல்லை மாற்றுவதில் பாலாற்றங்கரைக்காரனுக்கும் ஒரு கருத்து இருந்திருக்கும், அவ்வளவுதான். நிலக்கரி இல்லாமல் மோட்டார் ஓடாது என்று இந்தப் பெரியவரே 'குறைப்பது' பக்கம் நின்றிருக்கலாம்.

கடைசியில், சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், இந்திரா பர்யாவரண் பவன், ஜோர் பாக் சாலை, புது டில்லி என்று அடித்தேன். படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, கீழே 'நகல்: மாவட்ட ஆட்சியர், வேலூர்' என்று சேர்க்கச் சொன்னார்.

"அவருக்கு எதுக்குங்க ஐயா?"

"இங்க குடுத்தா ரசீதாவது தருவாங்கபா."