பாப்பா தூங்காதாம்

2024 ஜூன் 16, ஞாயிறு

மகளுக்குப் பதினேழு மாதம் முடிந்துவிட்டது. மூத்தவன் இந்த வயதில் பேசியவற்றில் இரண்டு மூன்று சொற்களே இன்று எங்கள் நினைவில் மிஞ்சியிருக்கின்றன என்பதால், இவளுடைய பேச்சையாவது அவ்வப்போது எழுதிவைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அம்மா, அப்பா, ஆச்சி, பூ, தா, போ, இந்தா ஆகியவை எவருக்கும் புரியும் சொற்கள். மற்றவை அவளுடைய சொந்தச் சரக்கு. குக்கருக்கு "ஸ்ஸூ" என்று பெயர். வாசலுக்கு அப்பால் இருக்கும் உலகம் முழுவதற்கும், அந்த உலகத்துக்குப் போகப் பயன்படும் எல்லாப் பொருள்களுக்கும் "டாட்டா" என்ற ஒரே பெயர் போதுமானதாக இருக்கிறது. செருப்பும் டாட்டா, பைக் சாவியும் டாட்டா, என் ஹெல்மெட்டும் டாட்டா. வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் ஹெல்மெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, என் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து, "டாட்டா இல்ல" என்று அறிவித்தாள். முகத்தில் துளிக் கள்ளமும் இல்லை. பொய் சொல்லும்போது இப்படி நேராகக் கண்ணைப் பார்க்கும் துணிச்சல் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

சோற்றுக்கு "மம்மு". இது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொல்தான் என்றாலும், விலங்கியல் ஆசிரியனான எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் டார்வின் நினைவுக்கு வருகிறார். தம் மூத்த மகனைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்புகளை ஏறத்தாழ 37 ஆண்டுகள் கழித்து, 1877இல் 'மைண்ட்' இதழில் அவர் வெளியிட்டார். சரியாக ஒரு வயது நிறைந்தபோது அந்தப் பிள்ளை உணவுக்கு "மம்" என்று ஒரு சொல்லைத் தானே உண்டாக்கிக்கொண்டதாம். அதைச் சொல்லும்போது கடைசியில் கேள்வி கேட்பதுபோல் குரலை உயர்த்துமாம். பிறகு சர்க்கரைக்கு "ஷு-மம்" என்று பெயர் வைத்து, கருப்பு என்ற சொல்லைக் கற்றதும் அதிமதுர மிட்டாயைக் 'கருப்பு ஷு-மம்' ஆக்கிவிட்டதாம். இதை நான் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னபோது, அவர் முருங்கைக்கீரையை உருவுவதை நிறுத்தாமலே, "பால் குடிக்கிற வாயில வேற என்ன வரும்? இதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரன் வரணுமாக்கும்" என்று முடித்துக்கொண்டார். எனக்கும் டார்வின் அந்த இடத்தில் மகன்மீதுள்ள பாசத்தில் சற்று அதிகமாகவே சொல்லிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

விடியற்காலையில் குறுக்குத்துறைக்குப் போய்த் தாமிரபரணியில் முழுகி, அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். சமையல் முடிந்ததும் அம்மா வாழையிலையில் சோறும் பருப்பும் ஒரு வடையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இடுப்பில் பாப்பா. கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு "கா, கா" என்று அம்மா கூப்பிட, எதிர்வீட்டு வேப்பமரத்திலிருந்து ஒரு காகம் இறங்கி வந்து உட்கார்ந்தது. பாப்பா கையை நீட்டி, மகிழ்ச்சி தாங்காமல், "தாத்தா! தாத்தா!" என்று கத்தினாள்.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். "உங்கப்பாவைத்தான் கூப்பிடுதா. அவுக வந்திருக்காக. பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்றார்.

பாப்பா பிறப்பதற்கு முன்பே அப்பா போய்விட்டார். காக்கையை அவள் தாத்தா என்று அழைப்பதற்குக் காரணம் நாக்கில் இருக்கிறது. க என்ற ஒலி பிறக்க அடிநாக்கு எழும்பி மேலண்ணத்தின் பின்பகுதியைத் தொடவேண்டும். பேசத் தொடங்கும் பிள்ளைகள் பலருக்கு நாக்கின் நுனிதான் முதலில் வசப்படும் என்பதால் க வரவேண்டிய இடத்திலெல்லாம் த வந்து உட்கார்ந்துகொள்ளும். கதவு அவளுக்குத் "ததவு", கால் "தாலு", அதே கணக்கில் காக்கா தாத்தா ஆகிறது. ஆனால் இலையிலிருந்த வடையைக் காகம் கொத்திக்கொண்டு போகும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நாக்கின் அமைப்பைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. அப்பாவுக்கும் உளுந்துவடை என்றால் உயிர்.

2024 ஆகஸ்ட் 6

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மூத்தவன் இன்று தங்கையிடம் ஒரு சோதனை நடத்தினான். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காகத்தைக் காட்டி, அவளைப்போலவே, "பாப்பா, தாத்தா பாரு" என்றான். அவள் கம்பியைப் பார்க்கவில்லை. கூடத்துக்கு ஓடிவந்து, சுவரில் மாலையோடு தொங்கும் அப்பாவின் படத்தைப் பார்த்தாள். அவன் விடாமல் மறுபடியும் காகத்தைக் காட்டித் தாத்தா என்றதும் கோபம் வந்துவிட்டது. "தாத்தா இல்ல! தாத்தா!" என்று காலை உதைத்துக்கொண்டு கத்தினாள். முதல் தாத்தா வேறு, இரண்டாவது தாத்தா வேறு. அவள் காதில் இரண்டும் தெளிவாகப் பிரிந்துதான் கிடக்கின்றன, வாயில்தான் ஒன்றாகிவிடுகின்றன. அண்ணன் "காக்கா" என்று திருத்திச் சொன்னதும், இவ்வளவு நேரம் இதைத்தானே சொன்னேன் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பி.எட். படித்தபோது குழந்தை உளவியலில் இதே செய்தியைப் படித்திருக்கிறேன். மீன் பொம்மையை "ஃபிஸ்" என்று சொல்லும் ஒரு பிள்ளையிடம் பெரியவர்கள் "ஃபிஸ்" என்று திருப்பிச் சொன்னால் அது மறுத்துவிடும், "ஃபிஷ்" என்று சொன்னால்தான் ஒப்புக்கொள்ளும் என்பதை ஜீன் பெர்க்கோவும் ராஜர் பிரவுனும் 1960இல் எழுதினார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன பத்தி ஒன்று, அரைஞாண் கயிறும் ஒற்றைக் கொலுசுமாக நம் கூடத்திலேயே நின்று கால் உதைக்கும்போது அதன் சுவையே தனி.

2024 அக்டோபர் 11, வெள்ளி, சரஸ்வதி பூஜை

புத்தகங்களெல்லாம் பூஜையில் இருக்கின்றன. விடைத்தாள் திருத்தும் வேலைக்கும் இன்று விடுப்பு. தமிழாசிரியையான மனைவி, பாப்பாவுக்கு இருபத்தோரு மாதம் நிறைந்ததைச் சொல்லி, பிள்ளைத்தமிழின்படி இவளுடைய பிள்ளைப் பருவமே முடிந்துவிட்டது என்றாள். மூன்றாம் மாதத்தில் காப்பில் தொடங்கி, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று ஒன்றுவிட்டு ஒரு மாதமாக எண்ணிக்கொண்டு போனால் பத்தாவது பருவம் இருபத்தொன்றாம் மாதத்தில் வந்து நிற்கிறது. தலையை அசைத்து ஆடு, கை கொட்டு, முத்தம் தா, நடந்து வா என்று தாயின் இடத்தில் நின்று புலவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே தவிர, அந்தப் பிள்ளை வாய் திறந்து ஒரு பதிலும் சொல்வதில்லையே என்று கேட்டேன். "பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டால் புலவர் எங்கே பேசுவது?" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த வீட்டில் இப்போது எவருக்கும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்கும் வாய்ப்பு இல்லை.

அண்மைக் காலமாக அவள் கேட்க வேண்டியதையெல்லாம் நம் வாயால் கேட்கிறாள். தூக்கச் சொல்லும்போது கைகளை உயர்த்திக்கொண்டு "தூத்தவா?" என்கிறாள். நாங்கள் அவளைத் தூக்குவதற்கு முன் "தூக்கவா?" என்று கேட்பது வழக்கம், அதைச் சொன்னால் மேலே போகலாம் என்பது அவள் கண்டறிந்த விதி. அதைப்போலவே எது தேவைப்பட்டாலும் "வேணுமா?" என்பாள், தேவையில்லை என்றால் "மாண்டாம்". வீட்டில் உள்ளவர்கள் இதற்குப் பழகிவிட்டோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பழகவில்லை. நேற்று மாலை அவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்க, பாப்பா போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மிகவும் பணிவாக, "பிஸ்து வேணுமா?" என்று கேட்டாள். இந்த வயதிலேயே விருந்தோம்பும் குணத்தைக் கண்டு நெகிழ்ந்துபோன பெரியம்மா, "எனக்கு வேண்டாம் தாயி, சக்கர இருக்குல்லா" என்று சொல்லி டப்பாவை மூடிவிட்டார். அதன்பிறகு எழுந்த அழுகையின் காரணம் அவருக்கு விளங்கவே இல்லை; அண்ணன்தான் ஓடிவந்து மொழிபெயர்த்தான்.

அவனுடைய பணி இந்த நாள்களில் இன்றியமையாததாகிவிட்டது. பெற்றவர்களுக்கே பிடிபடாத ஒலிகளை அவன் கேட்ட மாத்திரத்தில் விளக்கிவிடுகிறான். சிலவேளைகளில் அவள் சாக்லேட் கேட்பதாகவும், அது இரண்டாக இருக்க வேண்டும் என்று சொல்வதாகவும் விளக்குகிறான்.

2024 டிசம்பர் 13, வெள்ளி, திருக்கார்த்திகை

நேற்றிலிருந்து விடாத மழை, பள்ளிகளுக்கு விடுமுறை, ஆற்றில் வெள்ளம் என்று செய்தி. மின்சாரமும் இல்லை. பாப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து, "மழ போ! மழ போ!" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அது போகவில்லை என்றதும், என் பக்கம் திரும்பி, "அப்பா அடி" என்று உத்தரவிட்டாள்.

மாலையில் அகல் விளக்குகளை வாசலில் வைக்க முடியாமல் கூடத்திலேயே வரிசையாக வைத்தோம். பனங்குருத்தோலையில் மாவை அடைத்து, கட்டி, அம்மா அவித்த ஓலைக் கொழுக்கட்டைகள் தாம்பாளத்தில் ஆவி பறக்க வந்தன. ஆறியதும் பங்கிடும் பொறுப்பைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். இந்த மாதத்தில்தான் அவளுக்குக் கு உருபு கைவந்திருக்கிறது. க்கு என்பது அவள் வாயில் த்து ஆகிவிடுவதால், "ஆச்சித்து", "அம்மாத்து", "அன்னாத்து" என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உருபை ஒட்டும் விதத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை என்பதை மனைவி வியந்து சொன்னாள். பொம்மைக்கும் ஒன்று, "பொம்மத்து". பிறகு தனக்கு ஒன்றை எடுத்து, உட்கார்ந்து, ஓலையைப் பிரித்து, கருப்பட்டி மணக்கும் உள்ளீட்டை விரலால் வழித்துத் தின்று முடித்துவிட்டு, என்னை நினைவு வந்தவளாக எழுந்து வந்து வெறும் ஓலையை என் கையில் வைத்தாள். "அப்பாத்து."

வாங்கிக்கொண்டேன். அந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தால் யாராயிருந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

2025 ஜனவரி 29, புதன், தை அமாவாசை

க வந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு ஏதோ ஒரு நாளில் "ததவு" கதவாகிவிட்டதை மனைவிதான் முதலில் கவனித்தாள். இன்று மாடியில் அம்மா இலையை வைத்துவிட்டு, ஆடி அமாவாசையை நினைத்துக்கொண்டு, "எங்கட்டி தாத்தா? தாத்தாவைக் கூப்பிடு" என்றார். காகம் வந்தது. பாப்பா அதைப் பார்த்தாள், ஆச்சியைப் பார்த்தாள். பொறுமையாக, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி, "தாத்தா இல்ல ஆச்சி. காக்கா" என்று திருத்தினாள்.

"எல்லாம் உன்னைய மாதிரியே வாத்தியார் புத்தி" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். சோறு முழுவதையும் காகங்கள் தின்று தீர்த்தன.

2025 மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. மதியத்தில் பிள்ளைகளை வெளியே விட முடியாத வெயில் என்பதால் வீட்டுக்குள்ளேயே பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவன் நாற்காலிகளை வரிசையாக அடுக்கி, "நான் கண்டக்டராம், நீ ஊருக்குப் போறியாம், உன்கிட்ட சில்லறை இல்லையாம்" என்று சொல்லித் தங்கையை ஏற்றினான். நம் பிள்ளைகளின் பாவனை விளையாட்டு அனைத்தும் இந்த ஆம் என்பதன் மேல்தான் ஓடுகிறது. ஆச்சி சொல்லும் கதைகளும் அதன்மேல்தான்: ஒரு ஊரில் ஒரு நரியாம், அதற்குப் பசியாம். யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்லவும் அதுவே: மழை வருமாம், விலை ஏறிவிட்டதாம். சொல்பவருக்கு அந்தச் செய்தியில் பொறுப்பில்லை.

இந்தப் பொறுப்பின்மையின் பயனை இரண்டேகால் வயதில் ஒருத்தி கண்டுபிடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சில நாள்களாக அவள் தன்னைப் பற்றிய விருப்பு வெறுப்புகளை, யாரோ சொல்லியனுப்பிய சேதியைப்போலக் கொண்டுவந்து ஒப்படைக்கிறாள். "பாப்பாவுக்குப் பால் பிடிக்காதாம்." "பாப்பா குளிக்காதாம்." நேற்று நான் சற்றே குரலை உயர்த்தியபோது, என் முகத்தை அண்ணாந்து பார்த்து, "அப்பா திட்டாதாம்" என்றாள். முன்பெல்லாம் "மாண்டாம்" என்று தரையில் விழுந்து புரண்டவள் இப்போது தூதராகிவிட்டாள். தூதரைக் கோபித்துக்கொள்ளும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை. இவளுடைய முரண்டு குறையவில்லை, அதற்கு ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. மூத்தவன் இந்த வயதில் மறுப்பதென்றால் அழுதுவிடுவான். இவள் பேச்சுவார்த்தை நடத்துகிறாள். ஒரே வீட்டுச் சோற்றையும் ஒரே வீட்டுப் பேச்சையும் உண்டு வளர்ந்த இருவருக்கு இவ்வளவு வேறுபட்ட குணம் எங்கிருந்து வந்தது என்பதை விலங்கியல் பாடத்தை வைத்து என்னால் சொல்லிவிட முடியாது.

மதியம் தூங்கவைக்க மனைவி பாய் விரித்ததும், "பாப்பா தூங்காதாம்" என்று அறிவிப்பு வந்தது. அம்மா அடுப்படியில் நுங்கைத் தோல் உரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "அப்படியா? நுங்கு, தூங்குத பிள்ளைக்குத்தானாம்" என்றார்.

பாப்பா நுங்குக் கிண்ணத்தைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். ஓடிப்போய் மல்லாந்து படுத்து, இமைகள் சுருங்கும் அளவுக்குக் கண்களை இறுக மூடிக்கொண்டு, "பாப்பா தூங்கிருச்சாம்" என்று சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்தாள்.